சிங்கப்பூர் எதை விற்றுப் பிழைக்கிறது? ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தொடங்கி, பேருந்து நிலையத்தில் பார்க்கிற பழைய வகுப்புத் தோழன் வரை கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பாயசம் குடிக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

மாமா, சிங்கப்பூர் ஊரா, நாடா?

இரண்டும்தான். பரப்பளவு சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. ஆக, இரண்டு சென்னைகூட இல்லாத இடத்தில் தனி ராணுவம், தனி நாணயம், ஐ.நா.வில் தனி இருக்கை எல்லாம் இருக்கின்றன. அந்த 735-லும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பழைய மண் அல்ல. 1960களில் 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்தது, மிச்சம் கடலைத் தூர்த்து எடுத்தது.

2024 ஜூன் கணக்குப்படி அங்கே வசித்தவர்கள் 60.4 லட்சம் பேர். அதில் குடிமக்கள் 36.4 லட்சம்தான். மற்றவர்கள் என்னைப் போன்ற நிரந்தரவாசிகளும் விசாவில் இருப்பவர்களும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு இடங்களில் தேவைப்படும்.

நகரம் என்றால் மேயர் இருப்பாரே, அங்கே மேயர் யார்?

ஊர் முழுவதற்கும் ஒரு மேயர் கிடையாது. 1957-இல் நகர மன்றத் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் என்பவர் மேயர் ஆனார். 1959-இல் தன்னாட்சி வந்ததும் நகர மன்றத்தின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இப்போது வட்டார அளவில் ஐந்து மேயர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது சமூக உதவித் திட்டங்களை, சாக்கடையையும் சாலையையும் அல்ல. நம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர், ஆட்சியர், முதலமைச்சர், பிரதமர் என்று பிரிந்து கிடக்கிற அதிகாரம் அங்கே ஒரே கட்டடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் மீன்பிடிக் கிராமமாக இருந்ததை லீ குவான் யூ ஒருவரே மாற்றினார் என்கிறார்களே?

இந்தக் கதையை ஊரில் மட்டுமல்ல, சிங்கப்பூரிலேயே பலர் நம்புகிறார்கள். ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984 முதல் நடந்த அகழாய்வுகளில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஏராளமாகக் கிடைத்தது. அப்போதே அது ஒரு வணிகத் துறைமுகம். பிறகு மங்கிப்போய், 1819-இல் ராஃபிள்ஸ் வந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒப்பந்தம் போட்டு, சுங்க வரி இல்லாத துறைமுகமாகத் திறந்தார். அவரோடு பினாங்கிலிருந்து வந்தவர்களில் ஒருவர் நாராயண பிள்ளை. சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைத் தொடங்கியவர் அவர்தான்.

1965 ஆகஸ்ட் 9-இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது லீ குவான் யூவின் கையில் இருந்தது நூற்றைம்பது வயதுத் துறைமுகம். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1968-இல் பிரிட்டன் தன் ராணுவத் தளங்களை மூடப்போகிறேன் என்றது. நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. அந்தக் குழியிலிருந்து மேலே ஏறியது சாதாரணக் காரியம் அல்ல. நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ, டச்சுப் பொருளாதார ஆலோசகர் வின்செமியஸ் ஆகியோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் யாரும் வெறும் மணலிலிருந்து தொடங்கவில்லை.

விளைச்சல் இல்லை, கனிமம் இல்லை. எதைத்தான் விற்கிறார்கள்?

விழுப்புரம் சந்திப்பில் இறங்கி ஏறுகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் விழுப்புரத்துக்கு வந்தவர்கள் அல்லர், வண்டி மாறுபவர்கள். சிங்கப்பூர்த் துறைமுகம் கன்டெய்னர்களின் விழுப்புரம். 2024-இல் அங்கே கையாண்டது, 20 அடிப் பெட்டிகளாகக் கணக்கிட்டால், 4.11 கோடி கன்டெய்னர்கள். உலகில் ஷாங்காய்க்கு அடுத்த இடம். அதில் மிகப் பெரும்பகுதி சிங்கப்பூருக்கு வரும் சரக்கே அல்ல. சென்னையிலிருந்து ஆஸ்திரேலியா போகும் ஒரு பெட்டியைச் சின்ன ஃபீடர் கப்பல் கொண்டுவந்து இறக்கும், சில நாள் யார்டில் நிற்கும், பிறகு தாய்க்கப்பல் தூக்கிக்கொண்டு போகும். உள்ளே பனியனா, பருப்பா என்று அந்த ஊரில் யாரும் பூட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

பெட்டியை ஏற்றி இறக்கும் கூலி ஒரு பகுதிதான். கப்பல் நின்றால் அதைச் சுற்றி ஐம்பது வேலை முளைக்கும். கப்பலுக்கு எண்ணெய் ஊற்றுவதில் உலகத்திலேயே முதல் இடம் சிங்கப்பூர், 2024-இல் ஏறக்குறைய 5.5 கோடி டன். பிறகு பழுதுபார்ப்பு, மளிகை, காப்பீடு, வழக்கு, நடுவர் மன்றம். என் மேசைக்கு வருவது இதில் ஒரு துளி. போன மாதம் ஒரு கப்பல் பதினான்கு மணி நேரம் நின்றது. அதற்குள் இரண்டு மாலுமிகளை விமானத்திலிருந்து கூட்டிவந்து ஏற்ற வேண்டும், மூன்று பேரை இறக்கி ஊருக்கு அனுப்ப வேண்டும், இயந்திரத்துக்கு ஒரு வால்வு வர வேண்டும். நடுவில் பிலிப்பைன்ஸ் சமையல்காரருக்குப் பல் வலி. படகில் கரைக்கு இறக்கி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவைத்து, கன்னத்தில் பஞ்சோடு ஏணியில் ஏற்றிவிட்டபோது கப்பல் கிளம்ப நாற்பது நிமிடம் இருந்தது. இதை இதே வேகத்தில் முடித்துக்கொடுக்க முடியாத துறைமுகத்துக்குக் கப்பல்காரர் அடுத்த முறை யோசித்துத்தான் வருவார். சிங்கப்பூர் விற்பது இதைத்தான்: இடம், அந்த இடத்தில் நேரம் தவறாமை.

எண்ணெய்க் கிணறே இல்லாத ஊரில் சுத்திகரிப்பு ஆலை எப்படி?

மேலே சொன்ன அதே பதில்தான். கச்சா எண்ணெய் மேற்கிலிருந்து வருகிறது, வாங்குகிறவர்கள் கிழக்கில் இருக்கிறார்கள், கப்பல் நடுவில் நிற்கிறது. 1961-இல் புக்கோம் தீவில் முதல் ஆலை வந்தது. பின்னர் தெற்கே இருந்த ஏழு குட்டித் தீவுகளை மண் கொட்டி ஒன்றாக்கி ஜூரோங் தீவு என்று பெயர் வைத்து, வேதிப்பொருள் ஆலைகளை அங்கே குடியேற்றினார்கள்.

துறைமுகம் புரிகிறது. இத்தனை வங்கிகள் ஏன்?

கடிகாரம் ஒரு காரணம். அமெரிக்காவில் சந்தை மூடிய பிறகு லண்டன் விழிப்பதற்குள் பல மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் டாலரை வாங்கி விற்க ஓர் ஊர் வேண்டும். 1968-இல் ஆசிய டாலர் சந்தையைத் தொடங்கி சிங்கப்பூர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. 2022 கணக்கெடுப்பில் உலக அந்நியச் செலாவணி வணிகம் நாளொன்றுக்கு 7.5 லட்சம் கோடி அமெரிக்க டாலர். அதில் பிரிட்டனின் பங்கு சுமார் 38 விழுக்காடு, அமெரிக்காவின் பங்கு 19, சிங்கப்பூரின் பங்கு 9-க்கு மேல். பிரிட்டன் என்றால் லண்டன், அமெரிக்கா என்றால் நியூயார்க் என்று படியுங்கள். கைபேசியிலேயே எல்லாம் முடிகிற காலத்தில் பணம் ஏன் இப்படி விரல்விட்டு எண்ணுகிற ஊர்களில் குவிகிறது என்று கேட்பீர்கள். தகராறு வந்தால் தீர்க்க வழக்கறிஞரும் நீதிமன்றமும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் அனுபவம். ஒப்பந்தம் கைபேசியில் முடியும், சண்டை முடியாது.

இந்தக் கவர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. 2023 ஆகஸ்டில் வெளிநாட்டவர் பத்துப் பேரைப் பிடித்தார்கள். அந்தப் பணமோசடி வழக்கில் முடக்கிய சொத்து 300 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். நல்ல பணம் வருகிற கதவில்தான் கெட்ட பணமும் வரிசையில் நிற்கும்.

"உலக நகரம்" என்பது வெறும் விளம்பர வாசகம்தானே?

இப்போது எல்லா ஊரும் அப்படிச் சொல்லிக்கொள்வதால் சந்தேகம் நியாயமானது. ஆனால் சிங்கப்பூர் விஷயத்தில் அந்தச் சொல்லுக்குத் தேதி உண்டு. 1972 பிப்ரவரி 6 அன்று வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம் பத்திரிகையாளர் கூட்டம் ஒன்றில் சிங்கப்பூரை உலக நகரம் என்று வர்ணித்துப் பேசினார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915-இல் பிறந்தவர். பழைய துறைமுகங்களுக்கெல்லாம் பின்னால் ஒரு நிலம் இருக்கும். கல்கத்தாவுக்கு வங்காளம், சென்னைக்குத் தமிழ்நாடு. மலேசியாவைப் பிரிந்த சிங்கப்பூருக்கு அது இல்லை. அப்படியானால் உலகத்தையே பின்னிலமாக ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர் வாதம். அறிஞர்கள் இந்தச் சொல்லை வைத்து விவாதம் நடத்தத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

தண்ணீர்கூட மலேசியா கொடுப்பதுதானாமே?

ஒரு பகுதி. 1962 ஒப்பந்தப்படி, பக்கத்து மலேசிய மாநிலமான ஜோகூரில் ஓடும் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் (மலேசியக் காசு) விலை. ஒப்பந்தம் 2061 வரை. விலை போதாது என்று மலேசியா பல ஆண்டுகளாகக் குறைப்பட்டுக்கொள்கிறது. சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பங்கை ஆயிரம் கேலன் ஐம்பது சென்னுக்கு ஜோகூருக்கே திருப்பி விற்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

2061-ஐ நினைத்துத்தான் கழிவுநீரைச் சுத்திகரித்து 2003-இல் நியூவாட்டர் கொண்டுவந்தார்கள். மரினா முகத்துவாரத்தில் 2008-இல் தடுப்பணை கட்டி, ஊர் நடுவிலேயே ஏரி ஆக்கினார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஐந்து இருக்கின்றன. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த செய்தியை அலுவலக உணவு இடைவேளையில் படித்துக்கொண்டிருந்தேன். என் சீன நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரயில், எங்களுக்குப் பாலத்தில் குழாய்" என்றார்.

சாப்பாட்டுக்கு?

90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர் வாங்கிய கோழியில் அது மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் உயிரோடு வந்து அன்றைக்கே அறுபடுவது. என் அலுவலகத்துக்குக் கீழே உணவங்காடியில் கோழிச்சோறு விற்கும் அம்மா இரண்டு வாரம் கடையை மூடினார். பிறகு உறைந்த கோழியில் செய்து பார்த்தார். வாடிக்கையாளர்கள் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. துறைமுகப் புள்ளிவிவரம் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அந்த மூடிய ஷட்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அண்ணே, அரசாங்கமே எல்லாருக்கும் வீடு கொடுக்குமாமே?

கொடுக்காது, விற்கும். அதுவும் 99 ஆண்டுக் குத்தகையில். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது, சுருக்கமாக வீவக. குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாகப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். 1966-இல் வந்த நில எடுப்புச் சட்டம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. தனியார் நிலத்தைக் குறைந்த விலைக்கு அரசு எடுத்தது. இன்று நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. நிலம் பறிபோன குடும்பங்களின் கசப்பை யாரும் நினைவுச்சின்னமாக எழுப்பவில்லை.

1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இன்ன இனத்தவர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு உண்டு. தனித்தனிச் சேரிகளாகப் பிரியாமல் தடுத்தது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டை விற்கும்போது வலிக்கும். எங்கள் கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் ஏழு மாதம் காத்திருந்தது. வாங்க ஆள் இருந்தார்கள், ஆனால் அவர்களுடைய இனத்துக்கு அங்கே இடம் நிரம்பிவிட்டது.

வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் அந்த வீடுகளில்தான் தங்குகிறார்களா?

பெரும்பாலோர் இல்லை. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்கள் ஊரின் ஓரத்தில் உள்ள தங்கும் விடுதிகளில் இருக்கிறார்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், சில இடங்களில் அதற்கும் மேல். 2020-இல் கொரோனா வந்தபோது விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு சிங்கப்பூரில் பதிவான தொற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அவர்களுடையது. தங்கும் அமைப்பு வேறாக இருந்தால் அந்த எண்ணிக்கையும் வேறாக இருந்திருக்கும். அவர்களால் மாதக்கணக்கில் விடுதி வாசலைத் தாண்ட முடியவில்லை. என் சித்தப்பா மகன் அப்போது ஒரு விடுதியில் இருந்தான். தினமும் காலை வெப்பநிலை பார்த்துக் கைபேசியில் பதிய வேண்டும், அதன் பிறகு நாள் முழுக்கக் கட்டிலில்தான். புதிய விதிகளில் ஓர் அறைக்கு பன்னிரண்டு பேர் என்று வரம்பு வந்திருக்கிறது. லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது இன்னும் நிற்கவில்லை.

வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. முகவருக்குக் கட்டிய கடன் அடைபடவே ஓர் ஆண்டு போய்விடும். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற தகப்பன்களைப் பார்க்கலாம். 36.4 லட்சத்தில் சேராதவர்கள் என்று மேலே சொன்னேனே, அதில் பெரும் பகுதி இவர்களும் வீட்டு வேலைப் பெண்களும்.

தமிழ் அங்கே ஆட்சிமொழி. ஆங்கிலம் தெரியாமல் பிழைத்துவிடலாமா?

தேக்காவில் பிழைக்கலாம். நாணயத்தில் தமிழ் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் பேசலாம், பள்ளியில் படிக்கலாம், 1935 முதல் தமிழ் முரசு வருகிறது. ஆனால் வேலை, நீதிமன்றம், மருத்துவமனை எல்லாம் ஆங்கிலம். என் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போடுவதும் ஆங்கிலத்தில்தான்.

இவ்வளவு சின்ன ஊரை வல்லரசுகள் ஏன் மதிக்கின்றன?

எல்லாருக்கும் பயன்படுவதால். சீன அதிபரும் தைவான் அதிபரும் 2015-இல் முதன்முறையாகச் சந்தித்துக் கைகுலுக்கியது சிங்கப்பூரில். 2018 ஜூன் 12-இல் டிரம்பும் கிம்மும் சந்தித்தது சென்டோசாத் தீவில். 1992-இல் ஐ.நா.வில் சிறிய நாடுகளின் மன்றத்தைக் கூட்டியதும் சிங்கப்பூர்தான், இன்று அதில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். துறைமுகத்தை நம்பி வாழ்கிற ஊருக்குச் சட்டம்தான் கோட்டை. பெரியவன் சின்னவன் நிலத்தைப் பிடுங்கலாம் என்ற வழக்கம் வந்தால் முதலில் பயப்பட வேண்டியது அது. 2022-இல் உக்ரைன் விஷயத்தில் ரஷ்யா மீது தானாகவே தடை விதித்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

தாய்லாந்தில் கால்வாய் வெட்டிவிட்டால் சிங்கப்பூர் காலியாமே?

தாய்லாந்தின் ஒடுங்கிய நிலப்பகுதியான கிரா பூசந்தியில் கால்வாய் என்பது சில நூற்றாண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. வெட்டினாலும் மிச்சமாகும் தூரம் சூயஸ் அளவுக்கு இல்லை. அதைவிட, கப்பல் சிங்கப்பூரில் நிற்பது வழியில் இருப்பதால் மட்டும் அல்ல என்று பல் பிடுங்கிய கதையிலேயே சொல்லிவிட்டேன்.

உண்மையான பயம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. 2000-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் கன்டெய்னர் போக்குவரத்தை ஜோகூரின் தஞ்சோங் பெலாப்பாஸுக்கு மாற்றிக்கொண்டது. இரண்டு ஆண்டில் எவர்கிரீனும் போனது. அன்றைக்கு எங்கள் தொழிலில் இருந்தவர்கள் இன்னும் அதைச் சாவு வீட்டுச் செய்தி மாதிரிதான் சொல்வார்கள். 2024 மே மாதம் நேர்மாறான தொல்லை. செங்கடலைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வந்த கப்பல்கள் நேரம் தவறி ஒன்றாகக் குவிந்து, சில கப்பல்கள் ஒரு வாரம் வரை நங்கூரத்தில் நின்றன. துவாஸில் கட்டுகிற புதிய துறைமுகம் 2040களில் முடியும்போது ஆண்டுக்கு 6.5 கோடி கன்டெய்னர்களைத் தாங்குமாம்.

சென்னையை ஏன் சிங்கப்பூர் ஆக்க முடியவில்லை?

இதைக் கேட்காத ஆள் இல்லை, தேர்தல் மேடைகள் உட்பட. மேயர் கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் வசூலாகும் வரி சிங்கப்பூரிலேயே இருக்கிறது, முடிவும் அங்கேயே. 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் ஓடியது. குடிநீர் ஒரு வாரியம், வீட்டு வசதி ஒரு வாரியம், திட்டமிடல் ஒரு குழுமம், எல்லாம் கோட்டையைப் பார்த்து நிற்கின்றன.

ஆனால் இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு, அதை மேடையில் சொல்ல மாட்டார்கள். சென்னைக்கு விசா கிடையாது. மழை பொய்த்தால் ராமநாதபுரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் ரயில் ஏறி வரலாம், முதுமை அடையலாம், அங்கேயே சாகலாம். சென்னை அவர்களுக்குத் தண்ணீரும் பள்ளியும் கொடுத்தாக வேண்டும். சிங்கப்பூர் வேண்டிய ஆளை வேண்டிய வயதில் எடுத்து, 63 வயதுக்குள் திருப்பி அனுப்பிவிடும். அதன் கிராமம், அதன் குடிசைப் பகுதி, அதன் முதியோர் இல்லம் எல்லாம் வேறு நாடுகளில் இருக்கின்றன. நம் பட்டுக்கோட்டை அவற்றில் ஒன்று. ஜோகூரும் ஒன்று: பொழுது விடியுமுன் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்து இரவு திரும்புகிறவர்கள் ஏராளம். சென்னையைச் சிங்கப்பூரோடு ஒப்பிடுகிறவர்கள் இந்த ஊர்களையும் கணக்கில் சேர்த்துவிட்டு ஒப்பிடட்டும்.

அப்படியானால் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்களா, திரும்பி வருவீர்களா?

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒவ்வோர் ஆண்டும் வேறு பதில் இருக்கிறது. நிரந்தரவாசியின் மகன் என்பதால் என் பையன் இரண்டு ஆண்டு தேசிய சேவைக்குப் போயிருக்கிறான். முடித்ததும் குடியுரிமை வாங்குவேன் என்கிறான். வாங்கினால் இந்தியக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட வேண்டும், இரண்டு நாடும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை.

நான் ஊரில் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டுகிற கொத்தனார் ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூரில் வீவக கட்டடங்களில் வேலை பார்த்தவர். ஜன்னல் சட்டம் நூல் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது. இதே மாதிரி எத்தனை வீடு கட்டியிருப்பீர்கள் என்று கேட்டேன். "இருபது மாடிக் கட்டடம் நான்கு. உள்ளே போய்ப் பார்த்தது கிடையாது" என்றார்.